பலாக்கொட்டையைத் தோண்டிய நெடுவாலன்

நெடுவாலன் என்ற கருங்குரங்கு ஒரு காட்டுக்குளத்தின் கரையில் கூடைப்பந்து ஆடிப் பேர் வாங்கியது. பந்து என்று பேரே தவிர, அது விளாங்காய்தான். காட்டுக்கொடியை வளையமாக முறுக்கி மாமரக் கிளையில் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குள் காயைப் போட வேண்டும். நெடுவாலன் எங்கே நின்று எறிந்தாலும் உள்ளே விழும். ஒவ்வொரு காய் விழும்போதும் கிளைமேல் உட்கார்ந்திருக்கும் காகம், "ரெண்டு! நாலு! ஆறு!" என்று கத்தும். காடே கைதட்டும். கையில்லாதவை வாலை ஆட்டும்.

ஜெயித்தால் ஆளுக்கொரு பலாப்பழம். நெடுவாலனுக்கு மட்டும் இரண்டு. அதற்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. இருக்காதா பின்னே?

ஆனால் ஒரு பயமும் இருந்தது. அதன் அணியில் ஆடிய காட்டாடு போன வருடம் முட்டி பிசகி ஆட்டத்தை விட்டது. இப்போது மற்றவர்கள் தின்று எறிந்த பலாச்சக்கையைப் பொறுக்கித் தின்கிறது. "நமக்கும் ஒருநாள் முட்டி போகும். அப்புறம் எதைத் தின்பது?" என்று நெடுவாலன் அடிக்கடி நினைத்துக்கொள்ளும்.

அந்தக் காட்டில் இருவாச்சிப் பறவைகள் ஒரு முதலீட்டு நிறுவனம் நடத்தின. பழத்தைக் கொடுத்தால் சுளையைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். கொட்டைகளில் நல்லதாக மூன்றைப் பொறுக்கி, முட்புதர்களுக்கு நடுவே நட்டு வைக்கும். வளரும் மரம் பழம் கொடுத்தவருக்கு. நெடுவாலன் ஒரு பழத்தோடு போய் நின்றது.

"எப்போ காய்க்கும், அக்கா?"

"ஆறு வருஷம் ஆகும்" என்றது மேலாளர் இருவாச்சி.

"ஆறு வருஷமா! நான் ஒரே ஆட்டத்துல நாப்பது போடுறவன்!"

"பலாவுக்கு அது தெரியாதே, தம்பி."

நெடுவாலன் தலையைச் சொறிந்தது. "சரி, எவ்வளவு வளந்திருக்குன்னு யார் சொல்லுவா?"

"வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழை விட்டதும் நாங்களே வந்து சொல்லுவோம். நடுவுல அந்தப் பக்கம் போகாதே. மண்ணைத் தொடாதே. அவ்வளவுதான்!"

அதே அணியில் ஓர் ஆமையும் இருந்தது. மாற்று ஆட்டக்காரர்! ஆள் கிடைக்காத வருடத்தில் எண்ணிக்கைக்குச் சேர்த்தது. ஒருநாள்கூடக் களத்தில் இறங்கவில்லை. கரையோரப் பாறைமேல் உட்கார்ந்து எல்லா ஆட்டத்தையும் பார்த்தது. நெடுவாலன் அதைக் கேலி பண்ணாத நாளே இல்லை. வருடக் கடைசியில் அதற்கும் பாவம் பார்த்து ஒரு பழம் கொடுத்தார்கள். ஆமை அதை இரண்டு நாள் உருட்டிக்கொண்டு போய் இருவாச்சியிடம் கொடுத்தது. பிறகு பாறைக்குத் திரும்பித் தூங்கிவிட்டது.

நெடுவாலனுக்கோ பழம் கொடுத்த மூன்றாம் நாளே இருப்புக் கொள்ளவில்லை. அதன் பழக்கம் அப்படி. காய் விழுந்த நொடியே எண்ணிக்கை காதில் விழ வேண்டும். இங்கே கத்துவதற்குக் காகம் இல்லை. முட்புதருக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தது.

அங்கே ஒரு காட்டுப்பன்றியும் நின்றது. பலாக்கொட்டை என்றால் அதற்கு உயிர். முள் குத்தும் என்பதால் உள்ளே போக முடியாமல் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, கவலையா நிக்கிறீங்க?"

"கொட்டை முளைச்சுதா இல்லையான்னே தெரியலையே!"

"தோண்டிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது! நீங்கதான் தாவுற ஆளாச்சே! எடுத்துட்டு வாங்க, நான் மோந்து பாத்துச் சொல்றேன். எனக்கு இந்தத் தொழில்ல இருபது வருஷ அனுபவம்!"

பன்றிக்கு வயதே நாலுதான். நெடுவாலன் அதையெல்லாம் யோசிக்கவில்லை. புதரைத் தாண்டிக் குதித்து மூன்று கொட்டைகளையும் தோண்டிக்கொண்டு வந்தது. பன்றி கண்ணை மூடிக்கொண்டு மோந்தது.

"ரெண்டு தேறும். மறுபடி நட்டுடுங்க. இது சொத்தை."

"ஐயையோ! சொத்தையை என்ன பண்றது?"

"அந்தக் கஷ்டம் உங்களுக்கு எதுக்கு?" என்று பன்றி அதை வாயில் போட்டுக்கொண்டது.

அன்றுமுதல் கொட்டை தீரும்வரை தினமும் இதே வேலை. தேறிய கொட்டை மறுநாள் வெளியே வரும். முளை விட்டிருந்தால் வெயில் பட்டு வாடும். வாடியதைப் பன்றி சொத்தை என்று சொல்லித் தின்னும். நெடுவாலனுக்குப் பரம திருப்தி. நாள்தோறும் ஒரு செய்தி கிடைக்கிறதே!

ஐப்பசி மழை விட்டதும் இருவாச்சி வந்தது. "தம்பி, உன் குழியெல்லாம் காலியா இருக்கு. தோண்டினியா?"

"என் கொட்டையை நான் பாக்கக் கூடாதா?" என்று நெடுவாலன் எகிறியது.

"பாக்கலாம். ஆனா வளராது."

"எல்லாமே சொத்தைன்னு பன்றி சொல்லிடுச்சு! இந்த வருஷமாவது நல்லதா பாத்துப் போடுங்க!"

இருவாச்சி பெருமூச்சு விட்டுப் புதுப் பழத்தை வாங்கிக்கொண்டு போனது. வருடா வருடம் இதே கதை. பன்றி மட்டும் நன்றாகக் கொழுத்தது.

ஏழாம் வருடத்தின் கடைசி ஆட்டம். நெடுவாலன் உயரே எழும்பியது. காய் உள்ளே விழுந்தது. நெடுவாலனும் கீழே விழுந்தது. முட்டி மடக்கென்றது. "ரெண்டு!" என்று காகம் கத்தியது. நெடுவாலன் போட்ட கடைசி ரெண்டு அதுதான்.

பழம் நின்றுபோனது. நெடுவாலன் நொண்டிக்கொண்டே பன்றியைத் தேடிப் போனது. பன்றி புதிதாகப் பேர் வாங்கிய ஒரு மானுக்குக் கொட்டை மோந்துகொண்டிருந்தது.

"யாருப்பா நீ?" என்று கேட்டது.

நெடுவாலன் முட்புதருக்கு வந்தது. தன் இடம் முழுக்கக் குழிகள். அங்கேயே உட்கார்ந்து அழுதது. பார்க்கவே பாவமாக இருந்தது.

அழுகைக்கு நடுவே பலா வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்தில், தன் குழியையே பார்த்த கண்ணில் இதுவரை படாத மூன்று மரங்கள். அடிமரம் முழுக்கப் பழங்கள். கீழே ஆமை அண்ணாந்து பார்த்தபடி நின்றது.

"இதெல்லாம் யாரோடது?"

"என்னோடதுதான். வருஷா வருஷம் இருவாச்சி வந்து சொல்லும். நல்லதுன்னுட்டுத் தூங்கிடுவேன்."

"அப்புறம் ஏன் தின்னாம நிக்கிறே?"

"எட்டலையே!"

நெடுவாலனுக்கு முட்டிதான் போயிருந்தது. கை நீளமாகவே இருந்தது. நின்ற இடத்திலிருந்தே ஒரு பழத்தைப் பறித்துப் பிளந்தது. ஆமை பாதியை அதன் பக்கம் தள்ளியது. நெடுவாலன் அதைத் தொடாமல் ஆமையைப் பார்த்தது.

"உன்னை எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன்!"

"ஆமா, நல்லாவே பண்ணுவே. தின்னு! தினமும் நீ பறி, பாதி உனக்கு."

தின்று முடித்ததும் நெடுவாலன் ஒரு கொட்டையைத் தானே நட்டது. "இனிமே தொடவே மாட்டேன். சத்தியம்!" என்று சொல்லி, முதுகைத் திருப்பி உட்கார்ந்தது. கொஞ்ச நேரம்தான். ஒரு கை மெல்லப் பின்னால் போய் மண்ணைக் கிளறியது.

ஆமை அந்தக் கையை வெடுக்கென்று கடித்தது.

"ஐயோ! எதுக்குடா கடிச்சே?"

"மரம் வேணுமா, வேணாமா?"

விதைத்ததை நாள்தோறும் தோண்டிப் பார்ப்பவருக்குக் கடைசியில் குழிதான் மிஞ்சும்.