மாரிக்கனியின் கடைவாய்ப்பல்

கதையைக் கேட்டு முடித்தால் தீர்ப்புச் சொல்லித்தான் ஆகவேண்டும். நழுவுகிற உத்தேசம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

மிளகாய் மண்டி நடத்துகிற மாரிக்கனியின் வாய்க்கு அந்தக் கரிசல் டவுனே பயப்படும். அப்பேர்ப்பட்ட வாயில் ஒரு கடைவாய்ப்பல் சீழ் வைத்து, கஞ்சி குடிக்கவும் விடாமல் படுத்தியது. ஊரில் இருப்பது ஒரே பல் டாக்டர், எழில்வதனி. கைராசிக்காரர் என்று பெயர். அவர் பல்லைக் குடைந்து, சீழை வடித்து, வேருக்குள் மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக ஓர் அடைப்பு வைத்து அனுப்பினார். "இந்த அடைப்பு ரொம்ப நாள் தாங்காது. அடுத்த வாரம் வாங்க, வேரை முடிச்சு நிரந்தரமா மூடிடறேன்" என்றார். இதுவரை நல்ல வைத்தியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

இடையில் அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழா சாட்டினார்கள். போன வருஷம் மாரிக்கனியின் மகள் காய்ச்சலில் பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தபோது, அக்கினிச்சட்டி எடுப்பதாக மாரிக்கனி நேர்ந்திருந்தாள். பெண் பிழைத்துவிட்டாள். ஆகவே கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டியவர் பொங்கல் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, உடம்பில் கத்தி படக்கூடாது. இது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

சொன்ன வாரம் மாரிக்கனி போய் நாற்காலியில் சாய்ந்தாள். டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். பக்கத்து ஞானப்பல் படுக்கைவாட்டில் கிடந்தது.

"இதையும் கீறி எடுத்தாகணும். இன்னைக்கே எடுத்துடலாம்."

"காப்புக் கட்டியிருக்கேன் டாக்டரம்மா. பொங்கல் முடிஞ்ச மறுநாளே வந்து எடுத்துக்கிறேன். இப்ப ஆரம்பிச்ச பல்லை மட்டும் மூடி விடுங்க."

டாக்டரின் முகம் சுண்டிப்போனது. அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. முன்பு ஒருவர் இப்படித்தான் "அப்புறம் பார்க்கலாம்" என்று போய், பிறகு முகம் வீங்கி வந்து, வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். அன்றிலிருந்து, சொன்ன வைத்தியத்தை மறுக்கிறவருக்கு இந்தக் கிளினிக்கில் இடமில்லை என்று சட்டம் போட்டிருந்தார்.

"பாதி வைத்தியம் நான் பண்றதில்லை. இஷ்டமில்லைன்னா வேற டாக்டரைப் பாருங்க."

"வேற டாக்டர் பக்கத்து டவுன்ல இருக்கார். நான் எல்லை தாண்ட முடியுமா? வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஞானப்பல்லால என்ன வந்தாலும் என் பொறுப்பு."

"கையெழுத்து என் பேரைக் காப்பாத்தாது. உங்க வாய், உங்க இஷ்டம். என் கிளினிக், என் இஷ்டம்."

"அடப்பாவி மகளே! குடைஞ்சது நீ, மூட மாட்டேன்னும் நீயே சொல்லுவியா?" மண்டியில் கேட்கிற அதே குரல் கிளினிக்கில் கேட்டது. காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாரிக்கனிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இனி இந்தப் படி ஏறினால் நான் மாரிக்கனி இல்லை என்று கத்திவிட்டு இறங்கினாள்.

பொங்கல் முடிவதற்குள் அடைப்பு பெயர்ந்தது. கன்னம் வீங்கியது, காய்ச்சல் கொதித்தது. தம்பி சீனிச்சாமி டாக்டரிடம் ஓடினான்.

"அக்கா பேசினது தப்புதான் டாக்டரம்மா, நான் மன்னிப்புக் கேக்கறேன்."

"இந்த வீக்கத்துக்கு மேல நான் கை வைக்க முடியாது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார் டாக்டர். அதுவும் உண்மைதான்.

பெரியாஸ்பத்திரி எல்லைக்கு அப்பால் இருந்தது. "செத்தாலும் சட்டி எடுத்துட்டுத்தான் சாவேன். காப்பைத் தொட்டே, நீ எனக்குத் தம்பியே இல்லை" என்றாள் மாரிக்கனி. கொஞ்ச நேரத்தில் வாயைத் திறக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. சீனிச்சாமி அழுதுகொண்டே காப்பை அறுத்தான், அக்காளை வேனில் போட்டு எல்லையைத் தாண்டினான். அங்கே தாடையைக் கீறிச் சீழை எடுத்தார்கள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றார்கள்.

மாரிக்கனி பிழைத்தாள். ஊரே சட்டி எடுத்தபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெறுங்கையோடு கிடந்தாள். தம்பி கொண்டுவந்த சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். மகளுக்கு இனி தலைவலி வந்தாலும் அதற்கு நீதான் காரணம் என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாதவளை வெளியே அனுப்பிய டாக்டர், உயிரே போனாலும் நேர்ச்சையை விடமாட்டேன் என்ற மாரிக்கனி, அவள் சொல்லை மீறிக் காப்பை அறுத்த சீனிச்சாமி: இந்த மூவரில் யார் செய்தது சரி? யார் செய்தது தப்பு?

விடை: மாரிக்கனி வைத்தியத்தை மறுக்கவில்லை, ஒன்றைத் தள்ளிப்போட்டாள், மற்றொன்றை முடிக்கச் சொன்னாள். அவளுடைய வாயைப் பற்றியும் நேர்ச்சையைப் பற்றியும் முடிவு செய்ய அவளுக்கு உரிமை உண்டு. ஞானப்பல்லைத் தொடமாட்டேன் என்றோ, இனி என்னிடம் வராதே என்றோ சொல்ல டாக்டருக்கும் உரிமை உண்டு. ஆனால் தன் கையால் குடைந்த பல்லை மூடிக் கொடுத்த பிறகுதான் அந்த உரிமை தொடங்குகிறது. அதற்கு முன் கதவைச் சாத்தியது பச்சைத் துரோகம். சீனிச்சாமி அக்காளின் சொல்லை மீறியதும் தப்புதான். உயிரோடு இருக்கிற அக்காளிடம் அவன் காலமெல்லாம் திட்டு வாங்குவான், வாங்கட்டும். ஆனால் மூவரில் செய்த தப்புக்கு அழுதவன் அவன் ஒருவன்தான். டாக்டரோ இன்றுவரை தன் சட்டம் சரி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மாரிக்கனியும் வைய வேண்டிய ஆளை விட்டுவிட்டுத் தம்பியையே வைதுகொண்டிருக்கிறாள்.