மைக்கில் சொன்னால் சொன்னதுதான்

கேப்டன் ரணவீரன் மைக்கைப் பிடித்து ஒன்றைச் சொல்லிவிட்டால், எமனே வந்தாலும் மாற்ற முடியாது. இதை அவரே தினமும் பத்துத் தடவை சொல்வார்.

அன்று சென்னையில் தூத்துக்குடி விமானம் கிளம்பப் பத்து நிமிஷம்தான் இருந்தது. போர்டிங் பாஸ் பார்க்கும் எஸ்தர் மூச்சிரைக்க விமானி அறைக்கு அவரிடம் ஓடிவந்தாள்.

"சார், டெல்லியிலிருந்து வந்து இதுல மாறி ஏற வேண்டிய ஏழு பேர் இப்பதான் இறங்குறாங்க. ஒருத்தர் மாப்பிள்ளை சார்! சாயங்காலம் கல்யாணம். இதை விட்டா நாளைக்குத்தான் விமானம். ஒரு கால் மணி நேரம்..."

"நிறுத்துறதும் கிளப்புறதும் என் அதிகாரம்மா. காத்திருக்க மாட்டேன்!"

"சரிங்க சார். ஆனா விதிப்படி ஆள் ஏறாம பெட்டி மட்டும் பறக்கக் கூடாதே. ஏழு பேர் பெட்டியைத் தேடி இறக்கணும்னா எவ்வளவு நேரமாகும்? நீங்க அனுபவஸ்தர், அதான் கேக்குறேன்."

அனுபவஸ்தருக்கு உச்சி குளிர்ந்தது. "விமானத்து வயித்துக்குள்ள போய்த் தேடணும். முக்கால் மணி நேரமாகும்!"

சொன்னதுமே முகம் மாறியது. கால் மணி எங்கே, முக்கால் மணி எங்கே? மைக்கை எடுத்தார். "பயணிகளே! ஒரு மாப்பிள்ளைக்காக, என் சொந்த அதிகாரத்தில், விமானத்தை நிறுத்திவைக்கிறேன்!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

பதினாலாவது நிமிஷம் மாப்பிள்ளைக் கூட்டம் ஓடிவந்தது. பின்னாலேயே ஒரு வண்டியில் அவர்களுடைய பெட்டிகளும் வந்தன.

கேப்டன் ஜன்னலில் எட்டிப் பார்த்து அலறினார். "பெட்டி இப்பதான் வருதா? ஏத்தியாச்சுன்னு சொன்னியே!"

"நான் எங்க சார் சொன்னேன்? ஆளே இப்பதான் இறங்கினாங்க, பெட்டி மட்டும் முன்னாடி எப்படி வரும்?" என்ற எஸ்தர், மைக்கை எடுத்துப் பணிவாக நீட்டினாள். "வேணும்னா மாத்திச் சொல்லிடுங்க சார்."