கால் விலங்கோட வந்த விருந்தாளிங்க

முன்ன ஒரு காலத்துல, எல்லைச் சண்டை ஓயாத ஒரு தேசம். அந்த ராஜாவுக்கு ஒரு கிறுக்கு. தான் செஞ்ச எதுக்கும் கெட்ட பேரு காதுல விழக்கூடாது. அமைச்சர் விருத்தாசலம் அதுக்குத் தோதா தண்டோரா போட வச்சாரு. அடுத்த நாட்டுல மாட்டிக்கிட்ட நம்ம ஆளுங்க ‘கொடுஞ்சிறையில் வாடும் கைதிகள்’. நாம பிடிச்சு வச்சிருக்கிற அவங்க ஆளுங்க ‘மகாராஜாவின் விருந்தாளிகள்’.

“நம்ம ராஜாவுக்கு என்னா தங்கமான மனசு!”ன்னு சனங்க உருகிப்போச்சு.

அரண்மனை விகடகவி மாசிலானுக்கு மட்டும் சோறு இறங்கல. அவன் மச்சினன் சடையன் அந்த அடுத்த நாட்டுச் சிறையிலதான் அடைபட்டுக் கிடக்கான். வீட்டுல பொண்டாட்டி அழுகை நிக்கல.

இந்த நேரத்துல அந்த நாட்டுத் தூதன் வந்தான். “எங்கள் கைதிகளை விடுங்கள், உங்கள் கைதிகளை விடுகிறோம்.”

அமைச்சர் குறுக்க விழுந்தாரு. “நம்மிடம் கைதியே இல்லையே மகாராஜா! இப்போது விடுவித்தால் தண்டோரா பொய் என்றாகுமே!”

ராஜாவும் தலையாட்டிட்டாரு.

மாசிலான் நேரா சிறைக்குப் போனான். “மகாராஜாவோட விருந்தாளிங்களைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போறேன்”னான். காவல்காரனும் தண்டோரா கேட்டவன்தானே, மறுக்க முடியுமா? கதவைத் திறந்துட்டான்.

மதியம் ராஜா சாப்பிட வந்தா, கூடம் முழுக்கத் தாடியும் அழுக்குமா ஆளுங்க. கால்ல விலங்கு, இலையில பாயசம்.

“யாரடா இவர்கள்?”

“தங்கள் விருந்தாளிகள், மகாராஜா. விருந்தாளி சாப்பிடாமல் வீட்டுக்காரர் இலையில் உட்காரும் வழக்கம் நமக்கு இல்லையே!”

அதுல ஒரு பெரியவரு கையைக் கழுவிட்டு எழுந்தாரு. “சாப்பாடு நல்லாருந்துச்சுங்க. அப்ப நாங்க போய்ட்டு வர்றோமுங்க.”

“போவதா? காவலர்களே, பிடியுங்கள்!”னு கத்துனாரு அமைச்சர்.

“விருந்தாளியைப் பிடிக்கக் காவலரா?”ன்னு மாசிலான் சிரிச்சான். “மகாராஜா, தன்னை மட்டும் விருந்துக்கு அழைக்கவில்லை என்று அமைச்சருக்கு மனத்தாங்கல். அவரையும் இவர்கள் தங்கிய அதே இடத்தில் கொஞ்ச நாள் விருந்தாளியாக வைத்துக்கொள்ளுங்கள்.”

ராஜாவுக்கும் குறும்பு தொத்திக்கிச்சு. “அப்படியே ஆகட்டும்”னாரு.

காவலர் கை மேல பட்டதுதான் தாமதம், அமைச்சர் தடால்னு கால்ல விழுந்தாரு. “ஐயோ மகாராஜா! நான் என்ன குற்றம் செய்தேன்? என்னைச் சிறையில் தள்ளாதீர்கள்!”

ராஜா விலங்கைப் பார்த்தாரு, அமைச்சரைப் பார்த்தாரு.

“தூதனைக் கூப்பிடுங்கள்,”னாரு. “நம்மிடமும் கைதிகள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.”

ரெண்டு பக்கமும் ஆளுங்க வீடு திரும்புனாங்க. எலும்பும் தோலுமா வந்து நின்ன சடையனை ராஜாவே விசாரிச்சாரு. “கொடுஞ்சிறையில் ரொம்ப வாடினாயோ?”

“சிறையா? அங்கயும் எங்களை விருந்தாளின்னுதான் தண்டோரா போட்டாங்க, மகாராஜா!”

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே கழுத்து முத்துமாலையைக் கழட்டி மாசிலானுக்குப் போட்டாரு. அன்னைக்குத்தான் அவன் வீட்டுல எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாங்க.