நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

"வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க சாமி."

வந்ததும் வராததுமாகத் தெய்வசிகாமணி சொன்ன முதல் வார்த்தை இதுதான். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

சாமி அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மடத்தில் மத்தியானம் அன்னதானம். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எதை இழுக்கோணும்?"

"என்னையத்தானுங்க. மலைக்கு."

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு பாக்குத் தோப்புக்குள் இருக்கிறது அந்த மடம். சாமிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. தெய்வசிகாமணி ஐம்பதைத் தாண்டியவர். காவிக்கு வயது கிடையாது என்பதால் பெரியவர் சின்னவரைக் கும்பிட வேண்டியிருந்தது.

அதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பூர்வாசிரமத்தில் சாமி, கோயமுத்தூரில் பழைய கார் புரோக்கர். அதை அவர் மறைத்ததும் இல்லை, பெருமை பேசியதும் இல்லை. ஆசையை விட்டவர், காரையும் அறிந்தவர். இந்த விவகாரத்துக்கு இவரை விட்டால் வேறு ஆள் ஏது என்றுதான் தெய்வசிகாமணி தேடி வந்திருந்தார்.

தெய்வசிகாமணிக்குத் திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. மனைவி கலாமணி கோத்தகிரியில் அரசுப் பள்ளி ஆசிரியை. மாற்றல் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்டுவிட்டார்கள். சனியும் ஞாயிறும் அவளுக்கு லீவு. சனிக்கிழமைதோறும் இவர் மலையேறுவார், ஞாயிற்றுக்கிழமை இறங்குவார். ஏறும்போதும் அசதி, இறங்கும்போதும் அசதி, நடுவில் தூக்கம். இதற்குத்தான் இத்தனை வருஷமாகக் குடும்பம் என்று பெயர்.

"என்ன வண்டி பாத்திருக்கீங்க?" என்றார் சாமி.

"ஹேட்ச்பேக்குதானுங்க. உருவம் இப்ப இருக்கற வண்டி மாதிரி சின்னதுதான். ஆனா ஆல் வீல் டிரைவ். நாலு சக்கரமும் இழுக்குமுங்க. மழைல, பனில, எந்த வளைவுலயும் வழுக்காது. மிதிச்சா சும்மா பறக்குது. காலைல கோயமுத்தூர்ல ஓட்டிப் பாத்துட்டு நேரா இங்கதான் வர்றேன். பழசை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கறாங்களாம். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லோணும்."

"சொல்லீர வேண்டியதுதானே?"

"அதாங்க சாமி..." தெய்வசிகாமணி தலையைச் சொறிந்தார். "இது ஆசையா, அவசியமான்னு தெரியல."

கேட்டுவிட்டு, உபதேசத்துக்குத் தயாராகக் கைகளைக் கட்டிக்கொண்டார். ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று ஆரம்பிப்பார், நாமும் நாலு வார்த்தை எதிர்த்துப் பேசலாம் என்று வழியெல்லாம் வாதம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

சாமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வண்டி எங்க நிக்குது?"

தோப்பு வாசலில் நின்றிருந்தது. சாமி அதைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடி, அது விழும் சத்தத்தைக் கேட்டார். பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவி விரலில் தடவிப் பார்த்தார். ஒரு கணம் காவியெல்லாம் எங்கோ போய், பழைய புரோக்கர் வெளியே வந்து நின்ற மாதிரி இருந்தது.

"நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. ஆனா மலைக்கு இதோட தெம்பு பத்தாது. நீங்க பாத்தது நல்ல வண்டி. வாங்குங்க."

தெய்வசிகாமணிக்குச் சப்பென்று போய்விட்டது. 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டு வாங்கியிருப்பார். 'வாங்குங்க' என்றதும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாமி முன்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஓட்டுகிற சீட் தேய்ந்து, குழி விழுந்து, ஆள் அச்சு அப்படியே பதிந்து கிடந்தது. பக்கத்து சீட்டில் கார் கம்பெனியில் போட்டுக் கொடுத்த பாலித்தீன் உறை இன்னும் இருந்தது.

"ஏனுங்க, இந்த வண்டி எடுத்துப் பல வருஷம் இருக்குமே?"

"இருக்குமுங்க."

"பக்கத்து சீட்டு உறையை இன்னும் பிரிக்கலையே?"

"அழுக்காகக் கூடாதுன்னுதானுங்க."

"யாரு உக்காந்து அழுக்காகுது?"



சாமி அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பாலித்தீன் சரசரத்தது. வேறு வழியில்லாமல் தெய்வசிகாமணியும் தன் குழியில் போய் உட்கார்ந்தார். கதவு திறந்தே கிடந்தது. இருவரும் எங்கேயோ பயணம் போகிறவர்களைப் போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப சொல்லுங்க" என்றார் சாமி.

தெய்வசிகாமணி வண்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தார். வாயில் வந்தது வேறு.

"போன வாரம் போனப்ப, கலாமணி கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காந்தபடியே தூங்கிட்டிருந்தா. நான் போனதும் முழிச்சா. 'வாங்க'ன்னுகூடச் சொல்லல. சோத்தச் சூடு பண்ணி வெச்சுப்போட்டுச் சொன்னா. 'நீங்க வர்றதே திரும்பிப் போறதுக்குத்தான். இனிமே நான் தூங்கறதுக்குள்ள வர முடிஞ்சா வாங்க. இல்லைன்னா வராதீங்க. நான் கதவச் சாத்திக்கறேன்'னு."

"கோவமா?"

"கோவமாச் சொன்னாப் பரவாயில்லீங்களே. அலுப்பாச் சொன்னா."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். திட்டுகிற பெண்டாட்டியை எப்படியாவது சமாதானம் செய்துவிடலாம். அலுத்துப்போனவளிடம் என்ன சொல்வது? சேலை வாங்கிக்கொண்டு போனால் அதையும் அலுப்பாகத்தான் வாங்கி வைப்பாள். ஒரு வாரமாக இதே யோசனை. தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. கலாமணி தனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று இந்த வயதில் அவருக்குப் பயமாக இருந்தது.

"அதுக்குத்தான் வேகமான வண்டி."

"ஆமாங்க சாமி."

"சரி. சனிக்கிழமை இப்ப எப்பக் கெளம்பறீங்க?"

"அன்னிக்குச் சம்பள நாளுங்க. சம்பளம் போட்டு, ஆளுகளையெல்லாம் அனுப்பிச்சுப்போட்டுப் பொழுது சாயத்தான் கெளம்ப முடியுது."

"சம்பளம் நீங்கதான் போடறதா?"

"மச்சான் போடுவானுங்க."

"நீங்க?"

"பக்கத்துல நிப்பேன்."

சாமி தலையாட்டினார். "புது வண்டி வந்துட்டா?"

தெய்வசிகாமணியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

"அது வந்துட்டா அப்புறம் என்னங்க கவலை! அரக்கப் பரக்க ஓட வேண்டாம். நின்னு நெதானமா எல்லா வேலையும் முடிச்சுப்போட்டு, விளக்கு வெச்சதுக்கப்புறம்கூடக் கெளம்பலாம்."

"கெளம்பி, வீட்டுக்கு எப்பப் போய்ச் சேருவீங்க?"

"இதே நேரத்துக்குத்தா..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

சாமி விரலில் ஒட்டியிருந்த புடலங்காய் விதையைக் கிள்ளி வெளியே போட்டார்.

தெய்வசிகாமணி சிரித்தார். அது சிரிப்பு மாதிரியே இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்தில் காலைத் தொட முடியாததால் சாமியின் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கண்ணத் தொறந்து விட்டீங்க சாமி. புரிஞ்சு போச்சு. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. இத்தன வருஷம் முட்டாளா இருந்திருக்கேன்."

"ம்."

"இனிமே அப்படி இல்லீங்க. நேரத்தோட கெளம்பிருவேன். இது சத்தியமுங்க."

"ம்."

போனை எடுத்து நேரம் பார்த்தார். பதறிப்போனார்.

"சரிங்க, உத்தரவு குடுங்க. இப்பவே தாமசமாகிப் போச்சு."

"எங்க கெளம்பிட்டீங்க?"

"திருப்பூருக்குத்தானுங்க. இன்னிக்குச் சனிக்கிழமையாச்சே! சம்பளம் போடோணும், மச்சான் தனியாத் தவிச்சுட்டிருப்பான். அதை வெரசா முடிச்சுப்போட்டு, இன்னிக்காவது நேரத்தோட கலாமணியப் பாக்கக் கெளம்போணும்."

சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது.

சாமி இறங்கவில்லை. எத்தனையோ பேருக்கு ஞானம் பிறந்ததை அந்த மடத்தில் பார்த்தவர் அவர். பிறந்த ஞானம் தோப்பு வாசலைத் தாண்டுவதற்குள் கண்ணை மூடிவிடுவதையும் பார்த்தவர். சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, ரொம்பவும் களைத்தவர் மாதிரி விரலை மட்டும் தூக்கிக் கண்ணாடிக்கு வெளியே காட்டினார்.

"அது என்னங்க?"

"எதுங்க சாமி?"

"அதா, பாக்கு மரத்துக்கு மேல. மேகம் படுத்திருக்குது பாருங்க."

"கோத்தகிரி மலைங்க."

"இங்கிருந்து ரொம்ப நேரமாகுமா?"

"இல்லீங்களே, பக்கந்தான். இப்படியே ஏறினா..."

தெய்வசிகாமணி மலையைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. 

"மத்தியானச் சோத்துக்கே போயிரலாங்க சாமி."