நாற்பது கட்டும் ஒரு மாப்பிள்ளைத் தலையும்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு சட்டம் சரியாக மூன்று நாளும் ஏழு நாழிகையும் மட்டுமே உயிரோடு இருந்தது. அரசர் பசியோடு இருந்த வேளையில் பிறந்த சட்டம் அது.

அந்த நாட்டில் அலர்மேலு என்ற பெண் தோற்பாவை வெட்டி விற்றுவந்தாள். கல்யாணக் கதை ஆட்டுவதற்கு வேண்டிய யானை, பல்லக்கு, பந்தல், மேளக்காரர் எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். மணமக்களின் தலைகளை மட்டும் கழற்றி மாட்டலாம். வாங்குபவர்கள் தங்கள் வீட்டுப் பெண், மாப்பிள்ளை சாயலில் தலை வெட்டிப் பொருத்திக்கொள்வார்கள். மாதிரிக்கு அவளே ஒரு ஜோடித் தலை வைத்துக் கொடுப்பாள். கூடவே ஓர் ஓலை: 'உங்கள் வீட்டு விசேஷங்களில் எத்தனை முறையும் ஆட்டலாம். தலையை மாற்றலாம். நகலெடுத்து விற்கக் கூடாது.'

அரண்மனைப் பண்டகசாலையான உக்கிராணத்தின் தலைவர் கோதண்டர் தன் மகள் கல்யாணத்துக்கு ஒரு கட்டு வாங்கினார். கல்யாணம் முடிந்த கையோடு, மாதிரித் தலை உட்பட அச்சு அசலாக நாற்பது கட்டு வெட்ட வைத்துச் சந்தையில் பரப்பினார். அலர்மேலுவின் கடைப்பக்கம் ஆள் வரவில்லை.

அவள் சபைக்கு வந்தாள். நாலு பேர் முன்னால் அவளுக்குப் பேச்சு எழாது. ஓலையை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்து நின்றாள். அரசவை விகடர் உடையப்பன் சலங்கைத் தலைப்பாகை குலுங்க அதை வாங்கி உரக்க வாசித்தார்.

"விகடருக்கு வேறு வேலை இல்லை போலும்" என்றார் கோதண்டர். "காசு கொடுத்து வாங்கினேன் பிரபு. என் பொருள்."

உள்ளே பலாப்பழப் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. அரசர் எழுந்துவிட்டார். "வாங்கிய பொருளை வாங்கியவர் நகலெடுக்கலாம், விற்கலாம். இன்றுமுதல் இதுவே சட்டம்."

"எல்லாப் பொருளுக்குமா மகாராஜா?" என்றார் விகடர்.

"எல்லாப் பொருளுக்கும்தான்!"

விகடர் நேராகக் கோட்டை வாசலுக்குப் போனார். அங்கே ஒரு வண்டி ஒரு முறை நுழைய அரச முத்திரையிட்ட சீட்டு விற்பார்கள். ஒன்றே ஒன்று வாங்கினார்.

நாலாம் நாள் காலை வேட்டையிலிருந்து திரும்பிய அரசரின் ரதம் வாசலில் நின்றுவிட்டது. முன்னால் வைக்கோல் வண்டி, பானை வண்டி, பூசணிக்காய் வண்டி என்று நானூறு வண்டிகள். எல்லார் கையிலும் அரச முத்திரையிட்ட சீட்டு.

"எவன் செய்த வேலை இது?"

"அடியேன்தான்" என்றார் விகடர். "காசு கொடுத்து வாங்கிய சீட்டு. முத்திரையோடு நகலெடுத்து விற்றேன். சட்டப்படி."

"முட்டாளே! நீர் வாங்கியது நுழைய ஒரு அனுமதி. முத்திரையையா வாங்கினீர்?"

"கோதண்டர் வாங்கியதும் ஆட்ட ஒரு அனுமதிதானே மகாராஜா?"

பூசணிக்காய் வண்டிக்குப் பின்னால் நின்றபடியே அரசர் சட்டத்தை ரத்து செய்தார்.

கோதண்டர் விடவில்லை. சபை கூடியதும், "பிரபு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாவைகள் என் கற்பனை. இவள்தான் என்னிடம் திருடினாள்" என்றார்.

விகடர் ஒரு நகல் கட்டிலிருந்து மாப்பிள்ளைத் தலையை உருவினார். "காது மடலில் இது என்ன வெட்டு?"

"அதுவா... தோல் கிழிசல்."

"நாற்பதிலுமா?"

அரசர் அலர்மேலுவைப் பார்த்தார். "நீ சொல், அம்மா. யார் முகம் இது?"

அவளுக்குக் காது சுட்டது. சொல்லாவிட்டால் இனி அவள் கட்டு அவளுடையதில்லை. சொன்னால்...

"விகடர் தலைப்பாகையைக் கழற்றட்டும்" என்றாள், தரையிடம்.

சலங்கை தைத்த அந்தப் பெரிய தலைப்பாகை இல்லாமல் சபை அவரைப் பார்த்ததே இல்லை. கழற்றினார். அதே நெற்றி, அதே மூக்கு. இடது மடலில் அதே வெட்டு.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கோதண்டரே, என் விகடருக்கு நாற்பது கல்யாணம் செய்து வைத்துவிட்டீரே!" நாற்பது கட்டும் அலர்மேலுவிடம் போயின. அவளுடைய ஓலை வாசகமே நாட்டின் சட்டமாயிற்று. கோதண்டர் கோட்டை வாசலில் சீட்டுச் சரிபார்க்கப் போனார். விகடருக்கு முத்துமாலை விழுந்தது.

அவர் மாலையைக் கவனிக்கவே இல்லை. "ஆற்றின் எதிர்க்கரையில் நான் குளிக்கும்போது பார்த்திருப்பாய், சரி. ஊரில் எத்தனையோ அழகர்கள் இருக்க, மாப்பிள்ளைக்கு என் முகம் எதற்கம்மா?"

சபை மொத்தமும் காத்திருந்தது. அலர்மேலு முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"மாப்பிள்ளை என்று நினைத்தால் எனக்கு வேறு முகம் வரவில்லை."