என்ன குழம்பு?

முன்னொரு காலத்தில், நெல் கொட்ட இடமில்லாமல் குதிர்கள் பிதுங்கிய நாடு ஒன்று இருந்தது. அதன் அரசருக்கு ஒருநாள் ஒரு சந்தேகம் வந்தது: இங்கே பசித்தவர் யாராவது உண்டா?

அமைச்சர் மங்கைபாகர் சேவகர்களை வீடு வீடாக அனுப்பினார். அவர்கள் வாசலில் நின்று, "சாப்டாச்சா?" என்று கேட்டார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் "ஆச்சு" என்றார்கள்.

"பசித்தவர் எவருமில்லை, அரசே. அன்ன மண்டபத்தை மூடிவிட்டு யானைக் கொட்டில் கட்டலாம்" என்றார் அமைச்சர்.

அரசவை விகடன் ஆவுடையான் முன்னால் வந்தான். மாலையில் அந்த மண்டபம் போடும் ஒருவேளைச் சோற்றை நம்பித்தான் நெசவாளர் தெருவே இருந்தது.

"சாப்பிடாதவரும் 'ஆச்சு' என்றுதான் சொல்வார், அரசே" என்றான் அவன்.

"தன் வயிற்றைப் பற்றி எவனய்யா பொய் சொல்வான்?" என்று அமைச்சர் சிரித்தார்.

அரசர் சொன்னார்: "அப்படி ஒருவரை நாளைக்குள் எனக்குக் காட்டு. தவறினால் மண்டபமும் இல்லை, உனக்கு இங்கே வேலையும் இல்லை."

மறுநாள் விடிந்ததும், அரசரைச் சாதாரண உடையில், காலை உணவுக்கு முன்பே ஆவுடையான் அழைத்துப் போனான். அமைச்சரும் கூடவே வந்தார். ஊரையெல்லாம் சுற்றி உச்சிவெயிலில் நெசவாளர் தெருவுக்கு வந்தார்கள். 'இவர் பசிக்கிறதென்று சொல்லிவிட்டால் என் கதி?' என்று வழியெல்லாம் அரசரையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

ஒரு வீட்டில் தறியில் இருந்த வெள்ளச்சி நிமிர்ந்தாள். "வாங்கய்யா. வெயில்ல வந்திருக்கீங்க, சாப்டாச்சா?"

அடுப்பருகே கவிழ்த்து வைத்திருந்த பானையை அரசர் பார்த்தார். "ஆச்சும்மா. நீ?"

"ஆச்சுங்க."

"என்ன குழம்பு, அக்கா?" என்றான் ஆவுடையான்.

"குழம்புங்களா... அது வந்து..." அறுந்துபோகாத இழையை முடிச்சுப்போடக் குனிந்துகொண்டாள்.

தெருவுக்கு வந்ததும் அமைச்சர், "மறந்திருப்பாள்" என்றார்.

"இருக்கட்டும்" என்றான் ஆவுடையான். "இன்னொருவரையும் காட்டிவிட்டேன். காலையிலிருந்து பல்லில் தண்ணீர்கூடப் படாதவர், சற்றுமுன் 'ஆச்சு' என்றார்."

"யார் அது?" என்றார் அரசர்.

ஆவுடையான் கைகூப்பினான். "தாங்கள்தான், அரசே."

"அரசரையா பொய்யர் என்கிறாய்?" என்று அமைச்சர் சீறினார்.

பதிலுக்கு அரசரின் வயிறுதான் கடமுடவென்று பேசியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அந்தக் காலிப் பானையைப் பார்த்த பிறகு எப்படியய்யா இல்லையென்று சொல்வது?" என்றவர், அமைச்சர் பக்கம் திரும்பினார். "மண்டபத்தை இப்போதே திறக்கச் சொல்லும். இனி மூன்று வேளையும் சோறு. யாரையும் எதுவும் கேட்கக் கூடாது, இலையைப் போட வேண்டும். இன்று நீரே பரிமாற வேண்டும்."

உடைக்குள் மறைத்திருந்த முத்துமாலையைக் கழற்றி ஆவுடையான் கழுத்தில் போட்டார்.

தெரு முழுக்கப் பந்தியில் உட்கார்ந்தது. வெள்ளச்சிக்கு எதிர்வரிசையில் அரசர். வாளியோடு வந்த மங்கைபாகர், அவளிடம் மெல்லக் கேட்டார்: "போதுமாம்மா?"

வெள்ளச்சி இலையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க" என்றாள்.