எல்லைக்கல்வரை ஒரு முரசு

ஏழாண்டு கடல்கடந்து போரிட்டு, பன்னிரண்டு தென்னை நிற்கும் தீவொன்றை வென்று திரும்பினான் மன்னன் திறல்மாறன். கப்பலை விட்டு இறங்கியதும், முரசறையும் பொத்தையனை அழைத்தான்.

"அடேய், கிழக்கு எல்லைக்கல்வரை போய் என் வெற்றியை அறிவித்துவிட்டு, விளக்கு வைக்குமுன் திரும்பு. தவறினால் தலை இருக்காது."

எல்லையோ பத்து நாள் நடை.

பொத்தையன் மதியச் சோற்றுக்கே வந்து நின்றான்.

"பொய்யனே! எல்லைக்கல்லைக் கண்ணால் கண்டாயா?"

"அதில் சாய்ந்துகொண்டுதான் முரசறைந்தேன், மகாராஜா. நம் படையெல்லாம் தீவில் இருந்தபோது, பக்கத்து நாட்டரசர் அம்பொன்றும் விடாமல் அந்தக் கல்லை நம் ஊர்க் குளத்தங்கரையில் நட்டுவிட்டார். தங்கள் வெற்றிச் செய்தியை அவருடைய காவலர்கள் இரண்டு முறை கேட்டு மகிழ்ந்தார்கள். அடுத்த தீவுக்கு எப்போது புறப்படுகிறீர்கள் என்று விசாரித்து வரச் சொன்னார்கள்."